இரண்டாவது றிசீவர்

அப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நம் ஓய்வுபெற்ற பொறியியலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். தீவுப்பகுதிக்கு முதன்முதலில் கம்பியில்லாத் தொடர்பைக் கொண்டுபோனவர், நினைவு மலருக்கு அவருடைய படமும் ஒன்று வேண்டும், கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிற படமென்றால் நல்லது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே ஆளாளுக்குக் கைகூப்பியிருந்தீர்கள். அந்தக் கைகூப்பல்களைப் பார்த்ததும் போனை மூடி வைத்துவிட்டேன். உங்கள் மேல் கோபமில்லை, உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் இத்தனை வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்பா கெட்டிக்காரர் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஓர் அன்ரனாவை எந்தத் திசை பார்த்து, எத்தனை அடி உயரத்தில் நிறுத்த வேண்டும் என்பதை நீலப் பென்சிலால் ஒரு பக்கத்தில் கணக்குப் போட்டு முடித்துவிடுவார். பின்னாளில் நாங்கள் கணினியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மாரடித்த வேலை அது. அவருடைய கணக்குக் கொப்பி இடப்பெயர்வோடு தொலைந்துபோனது. தொலைந்தது நல்லது என்றுதான் நினைக்கிறேன். அதில் ஒரு பக்கத்தை நான் திரும்பப் பார்க்க விரும்பவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஓகஸ்ட் விடுமுறை. அம்மா தங்கச்சியைப் பெற்றுவிட்டுச் சரவணைக் கிராமத்தில் எங்கள் வீட்டில் படுத்திருந்தார். பத்தியச் சாப்பாடு, கொதிதண்ணீர், வந்து பார்த்துவிட்டுப் போகிற சொந்தக்காரர் என்று வீடு நிறைந்து கிடந்தது. நான் எல்லோருடைய காலுக்குள்ளும் இடறுப்பட்டேன். அதனால் அப்பா என்னையும் நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவருக்கு ஒரு மாத வேலை. கிராமச் சபைக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், ஒரு வயர்லஸ் ரெலிபோன் பூட்ட வேண்டும். தீவில் அந்த நேரம் டொக்டர் இல்லை. யாருக்காவது வருத்தம் கடுமையென்றால் கந்தோரில் இருந்து ஊர்காவற்றுறைக்குக் கதைத்து, அங்கிருந்து இயந்திர லோஞ்சை வரவழைக்கலாம் என்பது திட்டம். நல்ல திட்டம், அதில் ஒரு குறையும் இல்லை.

கடலைக் கொந்தளிக்க வைக்கிற சோளகக் காற்றுக் காலம். வள்ளத்தில் டீசல் நாற்றமும் கருவாட்டு நாற்றமும் ஒன்றாக அடிக்க, நான் மூன்று தரம் சத்தி எடுத்தேன். போய்த் தங்கியது சேர்மன் வீட்டில். சேர்மன் என்றால் கிராமச் சபைத் தலைவர். எங்கள் ஆட்கள், அம்மா வழியில் ஏதோ தூரத்து உறவும்கூட. கந்தோர் அவருடைய வளவுக்கு அடுத்த வளவில், முருகைக்கல் சுவர் வைத்த கட்டடம். ஏன் இவ்வளவு உயரமான கம்பம் என்று சேர்மன் கேட்டபோது, அப்பா குசினியிலிருந்து ஒரு பூசணிக்காயை எடுப்பித்து, இரண்டு குண்டூசியைத் தள்ளித் தள்ளிக் குத்தி, நடுவில் நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினார். ஊசி கட்டையாக இருந்தால் நூல் காயில் முட்டியது, உயர்த்தினால் முட்டவில்லை. பூமியும் அப்படித்தான், கடலும் நடுவில் புடைத்துத்தான் இருக்கிறது என்றார். சேர்மன் அன்றிரவு அந்தப் பூசணிக்காயைக் கறி வைக்கச் சொன்னார்.

கம்பத்தை நிறுத்துவதற்கு ஆள் தேவைப்பட்டது. அப்பா வேலை பார்த்த தபால் தந்தி இலாகாவின் ஆட்கள் வர இரண்டு கிழமை செல்லும் என்றதால், ஊரிலேயே பனை ஏறிக் கள்ளுச் சீவுகிற ஒருவரைப் பிடித்தார்கள். நான் இன்று ‘ஒருவர்’, ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்று பத்து வயதில், என் அப்பாவின் வயதுள்ள அந்த மனிதரை ‘அவன்’ என்றும் ‘நீ’ என்றும்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் யாரும் அதைத் திருத்தவில்லை. கொஞ்சம் மரியாதையாக ‘நீர்’ என்று சொல்லியிருந்தால் ஒருவேளை திருத்தியிருப்பார்கள்.

அவர் ஏறியதைப் பார்த்த பிறகு நான் எத்தனையோ பேர் கோபுரம் ஏறுவதைப் பார்த்துவிட்டேன், அப்படி ஒருவரையும் காணவில்லை. இலாகா கொடுத்த தோல்பட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு போனார். குழாய்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தூக்கிப் பூட்டி, நாலு பக்கமும் கம்பி இழுத்து, உச்சியில் அன்ரனாவையும் வைத்தார். அப்பா கீழே அளவுமானியின் ஊசியைப் பார்த்துக்கொண்டு இடது, வலது என்று கையைக் காட்ட, அவர் சோளகக் காற்றுக்குள் தொங்கியபடி ஒரு விரலளவு, அரை விரலளவு என்று திருப்பிக்கொடுத்தார். இறங்கி வந்ததும் தண்ணீர் கேட்டார். சேர்மன் வீட்டு வேலைக்காரி செம்பை உயரத் தூக்கி ஊற்ற, குனிந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். இலாகாவில்கூட இப்படி ஒருவன் இல்லை என்று அப்பா அன்றிரவு சொன்னார். ஏந்திக் குடித்ததைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் நினைக்கவில்லை.

வேலை முடிகிற தறுவாயில், ஒரு பின்னேரம் சேர்மன் வீட்டு விறாந்தையில் நாலு பெரியவர்கள் கதிரை போட்டிருந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். ரெலிபோன் எல்லோருக்கும் பொது என்று அரசாங்கக் கடிதத்தில் எழுதியிருந்தது. அதுதான் அவர்களுக்கு வில்லங்கமாகப் போய்விட்டது. பொது என்றால் கண்ட கண்ட சாதியும் கந்தோருக்குள் ஏறி, தாங்கள் கதைக்கிற அதே றிசீவரில் வாயை வைக்கப் போகிறதா என்று கேட்டார்கள். தேத்தண்ணிக் கடையில் அவர்களுக்குச் சிரட்டை வேறாக இருக்க, இதற்கு மட்டும் என்ன புது வழக்கம் என்றார் ஒருவர். அந்த றிசீவரைத் தொட்டால் பிறகு தான் வீட்டுக்கு வந்து முழுக வேண்டும் என்றார் இன்னொருவர். சொல்லும்போதே அவருக்கு உடம்பு கூசியது. நடிப்பில்லை, மெய்யாகவே தோள் ஒருமுறை நடுங்கியதை நான் பார்த்தேன்.

அப்பா மறுத்திருக்கலாம். அரசாங்க உத்தியோகத்தர், கையில் கடிதம் இருந்தது. இலாகா ஒத்துக்கொள்ளாது என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அவர் சொன்ன பதில் எனக்கு நல்ல ஞாபகம்.

“அதொண்டும் பிரச்சினையில்லை அண்ணை. மேலதிகமாய் ஒரு றிசீவர் கிடக்கு. பின்பக்கத்தாலை எடுத்து விடுறன்.”

அடுத்த நாள் காலை கந்தோரின் பின்சுவரில் உளி வைத்துத் துளை போட்டார்கள். முருகைக்கல் பொடியாக உதிர்ந்தது. பின்பக்கம் கக்கூசுக்குப் போகிற ஒற்றையடிப்பாதை. வாளிக் கக்கூசு, வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறும். அந்தச் சுவரில், யன்னலுக்குப் பக்கத்தில், ஒரு பிஸ்கட் தகரத்தை மழைக்கு மறைப்பாக அறைந்து அதற்குள் இரண்டாவது றிசீவரைத் தொங்கவிட்டார்கள். உள்ளே மேசையில் இருந்த முதலாவது றிசீவருக்கு, சேர்மனின் மனைவி வெள்ளை நூலால் ஓர் உறை பின்னிக் கொடுத்தார்.

வெளி றிசீவரைப் பரீட்சிக்க அப்பா கம்பம் ஏறியவரைத்தான் கூப்பிட்டார். பொத்தானை அமர்த்திக்கொண்டு கதைக்க வேண்டும், முடிந்ததும் ‘ஓவர்’ என்று சொல்லிக் கையை எடுத்தால்தான் மறுபக்கத்துப் பேச்சுக் கேட்கும் என்று யன்னலுக்கு உள்ளே நின்று சொல்லிக்கொடுத்தார். வெளியில் நின்றவர் ஒன்று இரண்டு மூன்று எண்ணினார். ஊர்காவற்றுறையில் இருந்தவர், குரல் மணி மாதிரிக் கேட்குது, கதைக்கிறது சேர்மன் ஐயாவோ என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். கம்பம் ஏறியவரும் கொஞ்சம் சிரித்தார். சேர்மன் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரமே சேர்மன் ஒரு கேள்வியோடு வந்தார். எந்த றிசீவரால் கதைக்கிறார்கள் என்று மறுபக்கத்துக்குத் தெரியும்படி ஏதாவது செய்யலாமா? செய்யலாம் என்றார் அப்பா. வெளியில் இருப்பதன் பொத்தானை அமர்த்தும்போது மட்டும் ஒரு சின்னக் கூவல் போகும்படி வைக்கலாம், ஆனால் அதற்கான பாகம் கையில் இல்லை என்றார். பாகம் இல்லாதபடியால் மட்டும்தான் அது நடக்கவில்லை. அப்படியென்றால் தாங்கள் கதைக்கும்போதாவது அவர்கள் வெளியில் நின்று கேட்காமல் இருக்க வேண்டும் என்றார் சேர்மன். அதற்குப் பாகம் இருந்தது. அப்பா இரவிரவாக நீலப் பென்சிலால் கீறி, ஒரு ரிலேயைப் பூட்டினார். உள்ளே இருக்கிற றிசீவரைத் தாங்கியில் இருந்து தூக்கியவுடன் வெளியில் உள்ளது செத்துப்போகும். திரும்ப வைத்தால்தான் அதற்கு உயிர்.

அப்பா அதை எனக்கு எடுத்தும் வைத்தும் காட்டினார். ரிலே ‘டிக்’ என்று அடிக்கிற சத்தம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். அவர் முகத்தில் இருந்த சந்தோசம் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த சந்தோசம். என்னத்துக்கு என்று கேட்காமல், எப்படி என்பதை மட்டும் கண்டுபிடித்துவிட்டால் நமக்கு வருகிற சுகம். நானும் அந்தச் சுகத்தில் கையெழுத்து வைத்த வரைபடங்கள் உண்டு. நினைத்தால் இன்றைக்கும் நாக்கில் ஒரு துருச்சுவை வருகிறது.

அந்த உள் றிசீவர் எவ்வளவு சுத்தம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொரு நாளும் வந்து, தேவையோ இல்லையோ, ஊர்காவற்றுறைக்குக் கதைத்துப் பார்த்தார்கள். வெற்றிலைச் சாறும் சுருட்டுக் கறையும் எச்சிலும் வாய்ப்பக்கத் துளைகளில் ஏறி, பின்னல் உறையின் விளிம்பு மஞ்சளாகிவிட்டது. பொழுதுபட அப்பா பஞ்சில் ஸ்பிரிற் நனைத்துத் துடைக்க, நான் ஊசியால் துளைகளைக் கிண்டுவேன். மண்ணிறமான பசை ஊசியோடு வரும். ஒருநாள் யாரும் பார்க்காத நேரம் பின்பக்கம் போய் வெளி றிசீவரை மணந்து பார்த்தேன். உப்பு மணத்தைத் தவிர ஒன்றுமில்லை. மணந்துவிட்டுக் கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்தேன். பசை பிடித்த றிசீவரைக் கிண்டிய கையை அப்படித் துடைத்த ஞாபகமில்லை.

கொஞ்ச நாளில் சேர்மன் ஒரு பழக்கம் பழகிக்கொண்டார். கந்தோரைப் பூட்டிக்கொண்டு போகும்போது உள் றிசீவரைத் தூக்கி மேசையில் படுக்கவைத்துவிட்டுப் போவார். தான் இல்லாத நேரம் பின்னால் ஒருவரும் கதைக்க ஏலாது. அப்படி வைத்தால் ஊர்காவற்றுறையில் இருந்து வருகிற புயல் எச்சரிக்கையும்தான் கேட்காது. அது அவருக்கு உறைக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும், சேர்மன் நல்ல பூட்டு ஒன்று கண்டுபிடித்திருக்கிறார் என்று சொல்லிச் சிரித்துவிட்டு அதை அப்படியே விட்டார்.

கோயிலில் கடைசித் திருவிழா வந்தது. சேர்மனின் உபயம், மத்தியானம் அன்னதானம். கந்தோர் பூட்டு. எனக்குப் பட்டுப்பாவாடை வியர்வையில் அறுத்துக்கொண்டிருந்ததால், சாப்பாட்டுக்கு முதல் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். கந்தோரின் பின்பக்கத்தில் இருந்து ஒரு குரல் கேட்டது. “நெடுந்தீவு கூப்பிடுது, நெடுந்தீவு கூப்பிடுது, ஓவர்.” அப்பா சொல்லிக்கொடுத்த அதே முறை. குரல் கட்டிப்போயிருந்தது.

போய்ப் பார்த்தேன். கம்பம் ஏறியவர் நின்றார். காலைப் பூசை மணி கேட்டதில் இருந்து அங்கே நிற்கிறாராம். சேர்மனிடம் போய்ச் சொல்வதற்கு, கோயிலுக்குள் அவருடைய ஆட்கள் வர ஏலாது.

“ஒரு சத்தமும் கேக்குதில்லைப் பிள்ளை. பெண்சாதிக்குப் பிள்ளை பிறந்திட்டுது, ரத்தம் நிக்குதில்லை. மருத்துவிச்சி தன்னாலை ஏலாது எண்டிட்டா. லோஞ்சு வரவேணும்.”

நாங்கள் வந்த டீசல் வள்ளம் தீவில் நிற்பதில்லை, அந்தக் காற்றில் பாய் வள்ளத்தில் அந்தப் பெண்ணை ஏற்ற ஒருவரும் துணியவில்லை. லோஞ்சு ஒன்றுதான் வழி. நான் சுவரின் அடித்தளத்தில் ஏறி யன்னல் கம்பிக்குள்ளால் பார்த்தேன். பின்னல் உறையோடு உள் றிசீவர் மேசையில் படுத்துக் கிடந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிய சந்தோசத்தில் அப்பா மாதிரியே அவருக்கு விளக்கினேன். அது தாங்கியில் இல்லை, அதனால்தான் இது செத்துக் கிடக்கிறது, அதை எடுத்துத் தாங்கியில் வைத்தால் இது வேலை செய்யும்.

அவர் யன்னலுக்குள் பார்த்தார். மேசை யன்னலோடு ஒட்டியபடி இருந்தது. கம்பிகளுக்கு நடுவால் கையை விட்டார். முழங்கை வரை போனது, விரலுக்கும் றிசீவருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கை எட்டும் பிள்ளை. எடுத்து வைச்சுவிடட்டோ?”

“நீ அதைத் தொடாதை” என்றேன்.

ஒருவரும் எனக்கு அந்த வசனத்தைச் சொல்லித்தரவில்லை. வெள்ளைப் பின்னலுக்குப் பக்கத்தில் அந்தக் கறுத்த, பனஞ்சிராய் கீறிய விரல்களைக் கண்டதும் என் தோள் ஒருமுறை நடுங்கியது. அந்தக் கூச்சத்தில் இருந்து வாய் தானாகச் சொன்னது. அவர் கையை வெளியே எடுத்தார். நான் என் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன், நீ இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓடியதை மட்டும் சொல்லி என்னை நானே நல்லவளாக்கிக்கொண்ட வருடங்களும் உண்டு.

கோயிலில் பந்தி தொடங்கிவிட்டது. அப்பாவும் சேர்மனும் பக்கத்தில் பக்கத்தில் இலைக்கு முன்னால் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், ரத்தம் நிற்காததையும் சொன்னேன். அப்பா சோற்றில் வைத்த கையோடு சேர்மனைப் பார்த்தார். கந்தோர்ப் பூட்டின் திறப்பு சேர்மனின் மடியில் இருந்தது. உபயகாரன் பந்தியில் பாதியில் எழும்பினால் முழுப் பந்தியும் எழும்ப வேண்டும், இவ்வளவு சனமும் அரை வயிற்றோடு போகும் என்றார் சேர்மன். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, “அவளவை பெத்துப் பழகினவளவை, ஒண்டும் செய்யாது. இரும்” என்றார்.

அப்பா இருந்தார். பாயசம் வந்தது. அப்பா அதை இலையில் விட்டு, விரலால் வழித்து நக்கினார். எனக்கு அந்த விரல்கள் இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன. கணக்குப் போடும்போது நீலப் பென்சிலை அவ்வளவு நேர்த்தியாகப் பிடிக்கிற அதே விரல்கள்.

பந்தி முடிந்து, கை கழுவி, வெற்றிலை போட்டு, கந்தோரைத் திறக்க ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது. அப்பா உள் றிசீவரை எடுத்துக் கூப்பிட்டார். முதல் கூப்பிட்டிலேயே ஊர்காவற்றுறை பதில் சொன்னது. லோஞ்சு உடனே வெளிக்கிட்டது. பொழுது சாய்கிற நேரம் அது வந்து அணையும்போது, இறங்குதுறையில் பாயில் கிடத்தியிருந்த அந்தப் பெண்ணுக்கு உயிர் இல்லை. குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை, என் தங்கச்சியைவிட மூன்று கிழமை இளையது.

யாரோ மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிவிட்டார்கள். விசாரணைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து அப்பாவின் மேலதிகாரி வந்தார். முடிவை முதலே சொல்கிறேன். வெளி றிசீவர் உப்புக்காற்றில் பழுதுபட்டதால் தொடர்பு கிடைக்கவில்லை என்று அப்பா அறிக்கை எழுதினார். பழுது என்று எழுதியபடியால் அதைக் கழற்றினார்கள். பிறகு அந்தச் சனம் செய்தியைக் கடுதாசியில் எழுதிப் பியோனிடம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு வருடத்தில் அப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மலருக்கு வேண்டியது இவ்வளவும்தான் என்றால் இந்தப் பத்தியை மட்டும் வெட்டி எடுத்து அச்சில் போடலாம்.

விசாரணை நடந்தது எட்டாம் நாள். கம்பம் ஏறியவருக்கு வீட்டில் மனைவியின் எட்டுச் செலவுக் கிரியை. அதை விட்டுவிட்டு வந்திருந்தார். அவரைக் கந்தோருக்குள் கூப்பிடவில்லை. மேலதிகாரியும் சேர்மனும் அப்பாவும் உள்ளே கதிரைகளில் இருக்க, அவர் பின்பக்கம் யன்னலுக்கு வெளியே நின்று பதில் சொன்னார். நான் அப்பாவின் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யன்னல் அவ்வளவு கிட்ட இருக்க, கையை விட்டு உள்ளே இருந்ததை எடுத்து வைக்கத் தெரியவில்லையா, கம்பம் முழுக்கப் பூட்டினவன்தானே நீ என்று மேலதிகாரி கேட்டார். கேட்டவர் நியாயமாகத்தான் கேட்டார்.

“தெரியும் நயினார். கையும் விட்டனான். பிள்ளை தொடவேண்டாம் எண்டது. நான் தொடேல்லை.”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். அப்பா அடிக்கப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கை என் தலையில் வந்து மெல்லத் தடவியது. வெற்றிலை மணத்தது. கண்ணைத் திறந்தால் சேர்மன்.

“நல்லாய் வளர்த்து வைச்சிருக்கிறீர் எஞ்சினியர்” என்றார் அப்பாவைப் பார்த்து.

மேலதிகாரி புன்னகைத்துவிட்டுப் பேனையை மூடினார். அப்பாவின் முகம் மலர்ந்தது. நான் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. யன்னலுக்கு வெளியே அவர் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.